பூசையில் வைத்த பியூஸ்

1938 புரட்டாதி 9, ஞாயிறு

கரண்ட் வந்து இன்றோடு ஒரு மாதம். ஆறரைக்குத் துறைமுகத்தடிக் கொம்பனிக் கொட்டிலில் எஞ்சின் இரையத் தொடங்கும். எங்கள் விறாந்தைக் குமிழ் முதலில் சிவக்கும், பிறகு வெளுக்கும். எங்கள் ஊர் கரம்பொனில் பதினொரு வீட்டுக்குத்தான் இந்தப் பாக்கியம். ஒன்பதரைக்கு எஞ்சின் நின்றுவிடும். அதற்குள் ஒரு முழுப் பத்திரிகை வாசித்துவிடுகிறேன். பெண்பிள்ளைக்கு இவ்வளவு படிப்புப் போதும் என்று ஆறாம் வகுப்போடு மறிக்கப்பட்ட எனக்கு இந்த மூன்று மணித்தியாலந்தான் பள்ளிக்கூடம்.

புரட்டாதி 11

பியூஸ் பெட்டிக்குப் பக்கத்தில் கொம்பனி ஒட்டிய கடதாசியை இன்று வாசித்தேன். வீட்டில் வேறு யாரும் வாசித்ததாகத் தெரியவில்லை. மெயின் பியூஸ் கொம்பனியின் உடைமையாம். ஈய முத்திரையை வேறு எவரும் உடைப்பது குற்றமாம். உடைத்தால் இணைப்பு துண்டிக்கப்படுமாம். போன மாதம் கம்பி பூட்ட வந்த கொம்பனி ஆள் அம்புறோஸ் அண்ணையும் இதையே சொன்னார்: "லைற்றை நிப்பாட்ட உங்களுக்குச் சுவிச் இருக்கு. இந்தப் பெட்டி எங்கட. எஞ்சின் ஓடேக்கை இதுக்கை கை வைச்சா ஆள் மிஞ்சாது." அன்றைக்குக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

புரட்டாதி 15

நாளை ஆயுத பூசை. ஐயா கத்தி, மண்வெட்டி, குறடு எல்லாம் கழுவி அடுக்கினார். "கரண்டும் எங்களுக்கு வேலை செய்யுது. அதுக்கும் பூசை வேணும்."

"ஓமோம், குமிழுக்கு ஒரு பொட்டு வையுங்கோ" என்று அம்மா சிரித்தார்.

"குமிழ் என்ன குமிழ்! அதின்ரை உயிர் பெட்டிக்குள்ளை எல்லோ இருக்கு."

கடதாசியைப் பற்றிச் சொல்ல வாய் எடுத்தேன். குரல் எழும்பவில்லை. ஏன் எனக்கு எப்போதும் இப்படி?

புரட்டாதி 17

நேற்று எழுதவில்லை. இந்தக் கொப்பியும் பென்சிலும் பூசையில் இருந்தன. இன்று எடுத்து எழுதுகிறேன், இப்போது சிரிப்பும் வருகிறது.

நேற்று நாலு மணிக்கு, எஞ்சின் ஓடாத நேரம், ஐயா குறட்டால் முத்திரையை உடைத்துப் பியூசைக் கழற்றிவிட்டார். வெள்ளைப் பீங்கான் துண்டு. அதைக் கத்திக்கும் என் கொப்பிக்கும் நடுவில் வைத்தார்கள். அம்மா ஈரச் சந்தனத்தை அள்ளிப் பூசிக் குங்குமமும் வைத்தார்.

ஆறரைக்கு எஞ்சின் இரைந்தது. ஊரில் பத்து வீடு வெளிச்சம். எங்கள் வீடு இருட்டு. அடுத்த வளவு முருகேசு மாமா வேலிக்கு மேலால் கேட்டார்: "என்ன ஆழ்வாப்பிள்ளை, உம்முடைய வீட்டிலை மட்டும் அமாவாசையோ?"

ஐயாவுக்கு ரோசம். பியூசைத் தூக்கிக்கொண்டு நடந்தார். அம்மா மறித்தார்: "விடியமுன்னம் பூசைச் சாமானைத் தொடக்கூடாது!"

"சரஸ்வதி கோவிக்க மாட்டா. அங்கை முருகேசு எல்லோ சிரிக்கிறான்."

கதிரையில் ஏறிவிட்டார். பியூசிலிருந்து சந்தனம் வழிகிறது, பெட்டி திறந்து கிடக்கிறது, தூரத்தில் எஞ்சின் இரைகிறது -

"ஐயா! தொடாதேங்கோ! எஞ்சின் ஓடுது!"

கத்தியது நான்தானா? ஐயா திடுக்கிட்டார். கையிலிருந்த பியூஸ் நழுவி, கதிரைக்குப் பக்கத்தில் படையலுக்கென்று அம்மா வைத்திருந்த அவல் சட்டிக்குள் விழுந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம்: "ஆர் அது கத்தினது?"

"எங்கட பரிமளம்" என்றார் ஐயா.

"பொய் சொல்லாதையும், ஆழ்வாப்பிள்ளை. அந்தப் பிள்ளைக்குக் குரல் இருக்கோ?"

பிறகு ஐயாவிடம் கடதாசியில் உள்ளதைச் சொன்னேன். கதிரையிலேயே இருந்துவிட்டார். "ஈயத்தை உருக்கித் திரும்ப ஒட்டிவிட்டால் ஆருக்குத் தெரியும், மோனை?"

"எனக்குத் தெரியும், ஐயா."

"உள்ளதைச் சொன்னால் கம்பியை வெட்டிப்போடுவாங்கள்."

"ஓம்" என்றேன். எனக்கும் அதுதான் பயம். என் பள்ளிக்கூடமும் போய்விடும். ஆனாலும் இன்று கொம்பனிக்கு ஒரு கடிதம் எழுதிவிட்டேன். அவல் சட்டிக் கதையையும் மறைக்கவில்லை.

புரட்டாதி 19

கடிதம் கிடைத்து அம்புறோஸ் அண்ணை வந்தார். இன்றைக்குக் கதவுக்குப் பின்னால் நிற்கவில்லை. சந்தனமும் அவலும் அப்பிய பியூசைக் கண்டதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "எஞ்சினுக்கு மேலை நாங்களும் அந்தோனியார் படம் மாட்டியிருக்கிறம். ஆனா எஞ்சினைக் கழட்டிக் கோயிலுக்குக் கொண்டு போறேல்லை!"

பிறகு சிரிப்பை விட்டார். "பிள்ளை கத்தாட்டில், ஆழ்வாப்பிள்ளையர், நான் செத்தவீட்டுக்கு எல்லோ வந்திருப்பன்." கம்பியை வெட்டுவதா விடுவதா என்பது மனேஜர் கையில் என்று சொல்லிப் பியூசைக் கொண்டு போய்விட்டார்.

புரட்டாதி 22

குப்பி விளக்கு. பத்திரிகையில் முதற்பக்கம் மட்டும் வாசித்தேன்.

புரட்டாதி 26

வெட்டவில்லை! வெட்டவில்லை!

அம்புறோஸ் அண்ணை புதிய பியூசோடும் புதிய முத்திரையோடும் வந்தார். உள்ளதைச் சொன்னபடியால் இந்த முறை மன்னிப்பாம். இன்னொரு தரம் என்றால் வெட்டுத்தானாம். "மனேஜர் கடிதத்தை ரெண்டு தரம் வாசிச்சவர். அவல் சட்டி வந்த இடத்திலை மூக்குக்கண்ணாடியைக் கழட்டிக் கண்ணைத் துடைச்சவர்" என்றார். கொம்பனிக் கடதாசி ஒருவருக்கும் விளங்கவில்லையாம். பதினொரு வீட்டிலும் ஒட்டப் பெரிய எழுத்தில் நான் எழுதித் தர வேண்டுமாம். இருந்த இருப்பில் எழுதினேன்: "இந்தப் பெட்டியைத் திறவாதீர்கள். பூசைக்கும் கழற்றாதீர்கள். பொட்டை மூன்று முழம் தள்ளிச் சுவரில் வையுங்கள்."

ஆறரைக்குக் குமிழ் சிவந்து வெளுத்தது. அம்மா கைதட்டினார்.

ஐப்பசி 5

தீபாவளிக்கு முருகேசு மாமா வீடு வெள்ளையடிக்கிறார். வேலிக்கு மேலால் அவர் தலை தெரிந்தது. "ஆழ்வாப்பிள்ளை, எங்கட வீட்டுப் பெட்டிக்குப் பின்னாலும் அடிக்க வேணும். பியூசை ஒருக்கால் கழட்டினால் என்ன?"

ஐயா பயிற்றம் பணியாரத்தைக் கடித்தபடி, "என்னட்டைக் கேளாதையும். பிள்ளையைக் கேளும்" என்றார்.

வேலியடிக்குப் போனேன். "ஏலாது, மாமா. அம்புறோஸ் அண்ணையைக் கூப்பிடுங்கோ."

"என்ன? கேக்கேல்லை."

கேட்டது என்று எனக்குத் தெரியும். சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றார். இருந்தாலும் மறுபடியும் சொன்னேன், தெருவில் போனவர்களும் திரும்பிப் பார்க்க.