எடையில்லாதவனுக்கு ஒரு விதி

டுலூத், மினசோட்டா
ஜனவரி 8, 1991

அன்புள்ள ஆர்டிஸுக்கு,

ஹார்லன் எழுதுவது. நலமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அலாஸ்காவில் உன் பள்ளிக்கூடமும் இயற்பியல் வகுப்பும் நன்றாக நடக்கட்டும். மார்னி கூப்பிட்டால் நீ போனை எடுப்பதில்லையாம். வந்த கடிதத்தைப் பிரிக்காமல் உன்னால் இருக்க முடியாது. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

உன் தம்பிக்கு இப்போது இமை மட்டும்தான் அசைகிறது. மார்னி எழுத்துப் பலகையில் விரலை நகர்த்துவாள். வேண்டிய எழுத்து வந்ததும் டேரில் கண்ணை மூடித் திறப்பான். சர்ச்காரர்கள் அடுப்பில் சுட்டுத் தட்டு தட்டாகக் கொண்டுவந்து குவிக்கிற ஹாட்டிஷைச் சாப்பிட ஆளில்லை, நான்தான் தின்று தீர்க்கிறேன். வருகிற பதினெட்டாம் தேதி, வெள்ளிக்கிழமை, மூச்சு இயந்திரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டான். உன்னிடம் இதைச் சொல்லத்தான் அவன் பெண்டாட்டி மார்னி கூப்பிட்டாள்.

பள்ளி நாளில் நாம் ஆரம்பித்த, பகடை உருட்டிக் கதை வளர்க்கும் சனிக்கிழமை மதிய ஆட்டம் இன்னும் நடக்கிறது. அவனை நிலவறைக்குத் தூக்கிப்போக முடியாது என்பதால் கட்டிலுக்குப் பக்கத்திலேயே மேசை போட்டிருக்கிறோம். கதையை நான் நடத்துகிறேன். அவனுக்கும் சேர்த்து மார்னி பகடை உருட்டுகிறாள். கதையில் அவன் ஆடும் மந்திரவாதி ஒரு மடத்தில் படுத்த படுக்கையாகக் கிடக்கிறான். சூட்சும உடல் மட்டும் கிளம்பிச் சுவர், மலை, கடல் எல்லாம் கடந்து சுற்றுகிறது.

உன் விதி நோட்டுதான் எங்களுக்கு இன்னும் வேதம். மந்திரமே ஆனாலும் இயற்பியலுக்கு ஒத்துவர வேண்டும் என்று பள்ளி நாளில் நீ போட்ட சட்டம். ஒளி ஊடுருவிப் போகிற கண் எதையும் பார்க்காது. பார்க்க வேண்டுமானால் ஒளியைக் கொஞ்சமாவது மறிக்க வேண்டும். கேட்க வேண்டுமானால் காற்று வந்து மோத ஏதாவது இருக்க வேண்டும். அதற்கான துளி எடையைப் படுத்திருக்கும் உடம்பு சூட்சும உடலுக்கு இரவல் கொடுக்கிறது. உடம்பு செத்தால் இரவல் திரும்பிவிடும். எல்லாம் உன் கையெழுத்தில் இருக்கிறது.

போன சனிக்கிழமை டேரில் பலகையில் ஒரு கேள்வி கேட்டான். முடிக்க அரை மணி நேரம் பிடித்தது. "உடம்பு செத்துட்டா, மிச்சம் இருக்கிறது அதே ரூம்ல இருக்குமா?"

நான் ஒரு மடையன், ஆர்டிஸ். துறைமுகத்தில் வருஷக்கணக்காகத் தானியத்துக்கு எடை பார்த்து, மண்டையில் தராசைத் தவிர வேறொன்றும் மிஞ்சவில்லை. பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டேன். எடையில்லாததைப் பூமி பிடித்து வைக்காது. பூமி சுழலச் சுழலத் தரையும் வீடும் வளைந்து கீழே விலகும், அது மட்டும் நேர்கோட்டில் போய்விடும். "ஒரு நிமிஷத்துல கூரையத் தாண்டிடும்டா, ஒரு மணி நேரத்துல அறுபது மைலுக்கு மேல போயிடும்" என்று பெருமையாக வாசித்துக் காட்டினேன். மார்னி பகடையைக் கீழே வைத்தாள். "யாரைப் பத்திக் கேக்குறான்னுகூடவா தெரியல உனக்கு?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனாள். அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது.

தீர்ப்பை மாற்றிப் பார்த்தேன். ஒரு மந்திரக் கயிறு கட்டிவிடலாம் என்றேன். "கதை விடாத. அக்காகிட்ட கேளு" என்றான் பலகையில். அதோடு சரி. மூன்று நாளாக எந்த எழுத்துக்கும் அவன் இமைக்கவில்லை. மார்னியின் விரல் பலகையில் சுற்றிச் சுற்றி வருகிறது. பார்க்க முடியவில்லை.

இயற்பியல் தீர்ப்பை மாற்றும் அதிகாரம் உனக்கு மட்டும்தான் என்பதும் நம் மேசைச் சட்டம். நானும் தேடிவிட்டேன். எடையில்லாத ஒன்றை அது விரும்புகிற வீட்டில் நிறுத்தி வைக்கிற விசை என் புத்தகங்களில் இல்லை. உன்னிடமும் இருக்காது என்றுதான் பயப்படுகிறேன். இருந்தால் தபாலில் அனுப்பாதே. என் வாயால் சொன்னால் அவன் நம்பமாட்டான். இல்லையென்றால், இல்லை என்பதையாவது நீயே வந்து சொல்.

பதினேழாம் தேதி வரை தினமும் விமான நிலையத்துக்கு வந்து நிற்பேன். கடவுள் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். அவனுக்கு இன்னும் கண் தெரிகிறது, காது கேட்கிறது. இன்று காலை மார்னியோடு சேர்ந்து அவனைத் தூக்கிப் புரட்டிப் படுக்க வைத்தேன். இன்னும் நூற்றுப் பத்து பவுண்டு எடை இருக்கிறான், ஆர்டிஸ்.

உன் பழைய நண்பன்,
ஹார்லன்