கம்பத்தில் கட்டிய சிவப்புப் பை

அண்ணை,

உங்கள் தைலப் போத்தல் உடைந்துவிட்டது. தோட்டக் கொட்டிலில் ஆணியில் தொங்கும் உங்கள் மழைக்கோட்டின் பைக்குள் அது இருந்தது எனக்குத் தெரியாது. இன்று காலை கத்தரிக்கோலைத் தேடிய அவசரத்தில் கோட்டைப் பிடித்து இழுத்தேன். போத்தல் விழுந்து கல்லில் பட்டது. அடுத்த நிமிடம் கொட்டில் முழுவதும் உங்கள் முழங்கால் மணம். மாசியில் உங்களை வழியனுப்பினோம், இப்போது ஆவணி. இத்தனை நாளும் கோட்டுப் பைக்குள் சத்தமில்லாமல் இருந்திருக்கிறீர்கள். சத்தமில்லாமல் இருப்பது உங்களுக்குப் பழக்கமில்லாத வேலை.

கத்தரிக்கோலை ஏன் அப்படிக் களவாகத் தேடினேன் என்றும் சொல்லவேண்டும். தக்காளிக்குக் கருகல் வந்துவிட்டது. இங்கே எல்லோரும் பிளைற் என்று சொல்கிற அதே சனியன். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கண்டேன். கீழ் இலை ஒன்றில், வெந்நீர் பட்டதுபோல ஒரு மண்ணிறப் புள்ளி. இலையைத் திருப்பினால் புள்ளியின் விளிம்பில் மெல்லிய வெள்ளைப் பஞ்சு. எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஊரார் அனுப்பும் வாடிய இலைகளைப் பார்த்து இன்ன நோய் என்று எழுதிக் கொடுப்பதுதானே ஆய்வுகூடத்தில் என் பிழைப்பு.

அந்த இடத்தில் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள் என்று தெரியும். நான் செய்தது இதுதான்: சுற்றிப் பார்த்தேன். பக்கத்துப் பாத்தியில் சரசக்கா தன் பாகல் பந்தலுக்குள் குனிந்து நின்றா. அந்தப் பக்கம் பிரையன் உருளைக்கிழங்குக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். ஒருவரும் என்னைக் கவனிக்கவில்லை. புள்ளி விழுந்த இலைகளை நுள்ளி ஒரு பைக்குள் போட்டு, பையைக் கோட்டுக்குள் ஒளித்து, கோழி களவெடுத்தவன் மாதிரி ட்ராமில் வீட்டுக்குக் கொண்டுபோனேன். திங்களும் அதே வேலை, செவ்வாயும் அதே வேலை. இன்று நுள்ளித் தீராத அளவுக்குப் பரவியிருந்தது. அதனால்தான் கத்தரிக்கோல்.

காரணம் கேட்பீர்கள். கவுன்சில் ஆளாளுக்கு வாடகைக்கு விடும் இந்தத் தோட்டத்தில், இருவரும் பாதி பாதியாகச் செய்த துண்டில் உங்கள் பாதியையும் நீங்கள் போனபின் எனக்கே தந்தது. சித்திரையில் அதில் இந்த நோய்க்கு எதிர்ப்புள்ள தக்காளி இனம் ஒன்றை வைத்தேன். வைத்துவிட்டுச் சும்மா இருந்தேனா? தேநீர் குடிக்கக் கூடுகிற எல்லோருக்கும் பிரசங்கம் வைத்தேன். ஒழுங்காகப் பராமரிக்கிறவனுக்கு நோய் வராது என்றும் ஒரு வார்த்தை விட்டேன். அப்படிப் பேசியவன் எந்த முகத்தோடு போய் “எனக்கு வந்துவிட்டது” என்று சொல்வது? இலை டொக்டரின் தோட்டத்திலேயே வருத்தமாம் என்ற கதை, வெள்ளிக்கிழமைக்குள் விம்பிள்டன் கோயில்வரை போயிருக்கும். இலை டொக்டர் என்பது நீங்கள் வைத்த பட்டம். அதைக் காப்பாற்ற நினைத்தேன்.

ஈரக் காற்று அடிக்கும்போது இந்த நோயின் வித்துகள் எப்படிப் பறக்கும் என்று எனக்குத் தெரியும். நான் வாய் மூடியிருந்த ஒவ்வொரு நாளும் அவை சரசக்காவின் தக்காளியையும் பிரையனின் கிழங்கையும் நோக்கிப் போயின. வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் சரசக்காவுக்கு அந்தத் தக்காளிதான் உலகம், எங்களில் பாதிப்பேரின் வீட்டுக் குழம்பு அதில்தான் கொதிக்கிறது. பிரையன் மாரிகாலம் முழுவதும் அந்தக் கிழங்கைத்தான் சாப்பிடுகிறார். முன்கூட்டிச் சொன்னால் காயைப் பச்சையாகவே ஆய்ந்து பறித்துவிடலாம். கிழங்கின் கொடியை வெட்டிவிட்டால் மண்ணுக்குள் இருப்பதாவது தப்பும். எல்லாம் தெரிந்துகொண்டுதான் பேசாமல் இருந்தேன். வெட்கமாக இருக்கிறது, அண்ணை.

அந்த மழைக் கோடையில் உங்களுக்கு வந்தது நினைவிருக்கிறதா? முதல் புள்ளியைக் கண்டதும் கடைப் பை ஒன்றை, அந்தச் சிவப்புப் பையை, அவரைக்கொடி படரும் கம்பத்தின் உச்சியில் கட்டினீர்கள். பிறகு நடைபாதையில் நின்று கத்தினீர்கள்.

“ஓடி வாங்கோ! எனக்கு வந்திட்டுது! எல்லாரும் உங்கடை மரங்களைப் பாருங்கோ!”

பிரையனுக்கு விளங்கவேண்டுமே என்று, ஜெர்மனியில் சமையற்கட்டுகளில் வேலை செய்த காலத்துப் பாஷையையும் கலந்து, “மை டொமேட்டோ கபுட்!”, என் தக்காளி நாசம், என்றும் ஒரு சத்தம். தோட்டம் முழுவதும் தலைகள் நிமிர்ந்தன. எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது.

“மெல்லமாச் சொல்லலாமே அண்ணை?” என்றேன்.

“மெல்லமாச் சொன்னா ஆருக்குக் கேக்கும்?” என்றுவிட்டு அடுத்த வரிசைக்குப் போனீர்கள்.

அந்த வருடம் உங்கள் தக்காளி முழுவதும் போனது. மற்ற எல்லோருக்கும் பாதிக்கு மேல் தப்பியது. அன்றைக்கு மழை விடும்வரை இருவரும் இதே கொட்டிலுக்குள் பிளாஸ்க் தேநீரோடு இருந்தோம். நீங்கள் காற்சட்டையை உருட்டி முழங்காலில் தைலம் தேய்த்தீர்கள். நான் என் படிப்பை அவிழ்த்துவிட்டேன். இது பூஞ்சணம்போல உடுப்புப் போட்டதே தவிரப் பூஞ்சணம் இல்லை, உறவு பார்த்தால் பாசிக்குத்தான் கிட்ட என்றேன். “ஆரின்ரை உறவெண்டாலும் என்ரை தக்காளி போச்சு” என்றீர்கள்.

மரஞ்செடிகள் அப்பாவிகள் இல்லை என்று விளங்கப்படுத்தினேன். இலையின் மேலே மெழுகு பூசியிருக்கிறது, அதிலேயே பாதிக் கிருமி வழுக்கிப் போய்விடும். மூச்சு விட இலைக்குச் சின்னச் சின்ன வாய்கள் உண்டு. பக்ரீரியாவின் வால்துண்டு ஒன்று பட்டாலே ஆள் யாரென்று தெரிந்து அந்த வாய்களைப் பொத்திக்கொள்ளும். அதையும் மீறி உள்ளே வந்தால் சுவரைத் தடிப்பாக்கும். எதிர்ப்புள்ள இனமென்றால் இன்னொரு வேலையும் செய்யும். கிருமி தொட்ட கலங்கள், அதுதான் செல்கள், தாங்களாகவே செத்துப்போகும். உயிருள்ள கலத்தைத் தின்று பிழைக்கிற கிருமி, தின்ன ஒன்றுமில்லாமல் அந்த இடத்திலேயே நின்றுவிடும். இலையில் குண்டூசித் தலையளவு ஒரு கறுப்புப் புள்ளி மட்டும் மிஞ்சும்.

“பாவங்கள்” என்றீர்கள். யாரைச் சொன்னீர்கள் என்று நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகுதான் உங்கள் தைலத்தைப் பற்றிச் சொன்னேன். நோய்ப்பட்ட இலை சும்மா சாவதில்லை, மற்ற இலைகளுக்குச் செய்தி அனுப்பும். சாற்றோடு ஒன்று போகும். சில செடிகள் காற்றோடும் ஒன்றை அனுப்பும், பக்கத்துச் செடி அதைப் பிடித்துத் தன் மருந்தைத் தயாரிக்கத் தொடங்கிவிடும். அப்படிக் காற்றில் போவதும் இந்தத் தைலத்தில் மணப்பதும் ஒரே பொருள்தான் என்றேன். நீங்கள் போத்தலை மூக்கில் வைத்து ஒரு இழுப்பு இழுத்தீர்கள். பிறகு மழையில் நின்ற தக்காளியைக் கொஞ்ச நேரம் பார்த்தீர்கள்.

“அப்ப மரத்துக்கு வெக்கம் இல்லை எண்டு சொல்லும்.”

“ஏன் அண்ணை?”

“வருத்தம் வந்த உடனை மணத்தாலை ஊருக்குச் சொல்லுது. எங்கடை சனம் செத்தவீட்டிலைதானே சொல்லும்.”

இருவரும் சிரித்தோம். இன்னொரு நாளும் அதே மாதிரிச் சிரித்தோம். ஐம்பது தாண்டியவர்களுக்கு அரசாங்க மருத்துவத்திலிருந்து வீட்டுக்கே வருகிற அந்தக் குடல் புற்றுநோய்ச் சோதனைப் பொதி உங்களுக்கு வந்த நாள். “மலத்தைத் தபாலிலை அனுப்புறதோ, ஆருக்குக் காட்சிக்கு வைக்கவோ?” என்று சொல்லி நீங்கள் அதைக் குப்பையில் போட்டீர்கள். போடாதேங்கோ என்று நான் சொல்லவில்லை. அந்தப் பகிடிக்குச் சத்தமாகச் சிரித்தவன் நான்.

பிறகு உங்கள் நோய் வெளியில் தெரியவந்தது. உங்கள் வீட்டுக்கார அக்கா எல்லோருக்கும் வெறும் காஸ்ட்ரிக், வயிற்று எரிவு என்று சொன்னா. மகளின் கலியாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம், அவவைக் குறை சொல்ல முடியாது. நீங்கள்தான் காஸ்ட்ரிக்கோடு நிற்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை, கோயில் அன்னதானத்தில், சோற்றுத் தட்டோடு இருந்த ஆம்பிளைகளுக்கு நடுவில் எழும்பி நின்றீர்கள்.

“தம்பியவை, அந்தப் பொதி வந்தால் எறியாதேங்கோ. நான் எறிஞ்சனான். இப்ப எனக்குக் குடலிலை கான்சர். வெக்கப்படாமல் எடுத்து அனுப்புங்கோ.”

ஒருவர் தட்டைப் பார்த்தார். ஒருவர் இருமினார். நான் பாயசம் எடுக்கப் போகிறவன்போல எழும்பிப் போய், திரும்பி வந்து வேறு பந்தியில் இருந்தேன். நீங்கள் கண்டீர்கள். ட்ராமில் திரும்பும்போது “உமக்கு வெக்கமாப் போச்சுதோ?” என்று கேட்டீர்கள். இல்லை என்றேன். “இலையின்ரை வருத்தமெண்டால் மட்டும் நல்லாக் கதைப்பீர்” என்று சொல்லி என் தோளில் தட்டினீர்கள். கோபமிருந்தால் கையில் தெரிந்திருக்கும், தெரியவில்லை. அதுதான் இன்னும் குத்துகிறது.

இன்று காலை அந்த மணத்துக்கு நடுவில் கொட்டில் வாசலில் அப்படியே இருந்துவிட்டேன். ஒரு இலை செய்கிற வேலையை நான் செய்யவில்லை. இலைக்கு மூளை இல்லை, பட்டம் இல்லை, அது சாகிற நேரத்திலும் பக்கத்தில் இருக்கிறதுக்குச் சொல்லிவிட்டுச் சாகிறது. எனக்கு வந்தது நாலு தக்காளி மரத்தில் ஒரு நோய். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இவ்வளவு கேவலமாக என்னை நான் நினைத்ததில்லை.

உங்கள் சிவப்புப் பை அதே ஆணியில் கோட்டுக்குப் பின்னால் கிடந்தது. எடுத்துக்கொண்டுபோய் அவரைக் கம்பத்தில் கட்டினேன். நடைபாதையில் நின்று கத்தினேன். கத்தினேன் என்று சொல்லக்கூடாது, முதலில் காற்றுத்தான் வந்தது. இரண்டாம் தரம் குரல் வந்தது.

“எனக்கு வந்திட்டுது! எல்லாரும் உங்கடை மரங்களைப் பாருங்கோ!”

பிரையன் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நேரே கிழங்குக் கொடி வெட்டப் போனார். அந்தப் பை என்ன சொல்கிறது என்று அவருக்கு நீங்கள் எப்போதோ படிப்பித்து வைத்திருக்கிறீர்கள். சரசக்கா பந்தலுக்குள்ளிருந்து மெல்ல வந்தா. ஏச்சு வாங்கத் தயாராக நின்றேன். அவ என் முகத்தைப் பார்க்கவில்லை.

“தம்பி, எனக்குப் போன கிழமையே வந்திட்டுது” என்றா.

“என்னக்கா? ஏன் சொல்லேல்லை?”

“நீர்தானே சொன்னனீர், ஒழுங்காப் பராமரிச்சால் வராதெண்டு. என்ரை பிழையெண்டு நினைப்பீர் எண்டு வெக்கத்திலை சொல்லேல்லை. இலையளை நுள்ளி நுள்ளி வீட்டை கொண்டுபோனனான்.”

நான் மறைத்தது மட்டுமென்றால் ஒரு மாதிரிச் சமாளித்திருப்பேன். என் வாய்க்கொழுப்பு இன்னொருவரின் வாயையும் கட்டிப்போட்டிருக்கிறது. இருவரும் ஒரே நோயை இரண்டு பைகளில் ஒளித்து ஒரே ட்ராமில் கொண்டுபோயிருப்போம்போல. “பிழை என்ரை அக்கா, என்ரை கதைதான் பிழை” என்றேன். அவ மூக்கை உறிஞ்சினா. அழுகிறாவோ என்று பார்த்தேன், இல்லை.

“அண்ணை வந்து நிக்கிறமாதிரி மணக்குது” என்றா. பிறகு, “அந்தாள் போனபிறகு இங்கை ஒருத்தரும் ஒண்டும் சொல்லுறேல்லை” என்றா.

மத்தியானம்வரை எல்லோருமாகச் சேர்ந்து காய் ஆய்ந்தோம். சரசக்காவுக்குக் கூடை கூடையாகப் பச்சைத் தக்காளி, பால்கறி வைத்து எல்லோருக்கும் தருவாவாம். நோய்ப்பட்ட மரங்களைப் பிடுங்கிக் கட்டினோம். பிரையனின் கிழங்கு இந்த வருடம் சிறுத்துத்தான் இருக்கும், ஆனால் பெரும்பாலும் அழுகாது. உங்கள் துண்டில் இப்போது வெறும் மண்ணும் கம்பமும் பையும்தான். பையை நான் கழற்றவில்லை.

வீட்டுக்கு வந்து சவர்க்காரம் போட்டுக் கழுவியும் கையிலிருந்து தைல மணம் போகவில்லை. அந்தக் கையால் குளியலறை அலுமாரியைத் திறந்தேன். எனக்கும் அந்தப் பொதி வந்தது, அண்ணை. வைகாசியில் வந்தது. உங்களைப் பறிகொடுத்த பிறகும், துவாய்களுக்குப் பின்னால் தள்ளி வைத்திருந்தேன், விருந்தாளிகள் கண்டுவிடுவார்கள் என்று. இன்று அதை எடுத்தேன். செய்து முடிக்கத் தேநீர் ஊற்றுகிற நேரம்கூட ஆகவில்லை.

இந்த மடலை முடித்துவிட்டு, மூலையிலுள்ள தபால் பெட்டிக்குப் போகிறேன். இதைப் போட அல்ல, இதற்கு விலாசம் இல்லை. அந்தப் பொதியைப் போட. இந்த நேரத்தில் கோயில் சனம் யாராவது எதிரே வருவார்கள், கையில் என்ன என்று கேட்பார்கள். வெட்கமாகத்தான் இருக்கும். ஆனால் சொல்லுவேன்.

உங்கள் இலை டொக்டர்