மாப்பிள்ளை வாட்ச்

ஜூலை 22, செவ்வாய்

ஆடிக்காற்று. ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, வியர்வை சொட்டச் சொட்ட வேலை. ஒரு தூசி உள்ளே போனால் போதும், மெஷின் படுத்துவிடும். இந்த மாடி அறைக்கு நான் வந்தபோது கீழே பாத்திரக்கடைக்காரர், "வாட்ச் ரிப்பேரா?" என்று கேட்டார். ரிப்பேர் இல்லை, நூறு வருடப் பழைய பாக்கெட் வாட்ச்சின் மெஷினைச் சரிசெய்து கைக்கடிகாரமாக மாற்றுகிறேன் என்றேன். "அதத்தாம்மா நானும் கேட்டேன்" என்றார்.

இன்று எடுத்திருக்கும் மெஷின் விற்பதற்கு அல்ல. ஆவணியில் எனக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளைக்கு மோதிரமும் வாட்ச்சும் பெண்வீட்டில் போட வேண்டும். மோதிரம் அப்பா பாடு, வாட்ச் என் பாடு என்று சொல்லிவிட்டேன். நான் போய்க் கடையில் வாட்ச் வாங்குவதா? வாங்கினால் இந்த அறையைப் பூட்டிவிட்டுப் போக வேண்டியதுதான்.

மாப்பிள்ளை பெயர் தண்டபாணி. ஊர் ஒட்டன்சத்திரம். திண்டுக்கல்லில் ஆபீஸ், தினமும் பஸ்ஸில் வந்து போகிறவர். பெண் பார்க்க வந்த அன்று மற்றவர்கள் எல்லாம் நகையைப் பற்றிக் கேட்டார்கள். இவர், "கையில பெட்ரோல் வாசம் வருதுங்களே" என்றார். மெஷினைப் பெட்ரோலில்தான் கழுவுவேன் என்றேன். "பாக்கலாமுங்களா?" என்று கேட்டார்.

பிடித்துவிட்டது. மறைப்பானேன்.

ஜூலை 27, ஞாயிறு

வெள்ளிக்கு ஆசைப்பட்டவர்கள் பழைய வாட்ச்சின் மேல்கூட்டை உருக்கிவிட்டு, மெஷினை மட்டும் ஒரு தகர டப்பாவில் போட்டு விற்றிருக்கிறார்கள். மெஷினைத் துடிக்க வைக்கும் பேலன்ஸ் சக்கரத்தின் அச்சு முறிந்து கிடந்தது. இன்னொரு மெஷினிலிருந்து எடுத்து மாற்றினேன். பொருந்த மாட்டேன் என்று மூன்று தடவை அடம் பிடித்தது. நான் அதைவிடப் பிடிவாதக்காரி. சாயங்காலம் ஓட ஆரம்பித்தது.

புதுக் கூடு, நாகல்நகர் பூட்டுப் பட்டறையில் அந்தோணிராஜ் அண்ணன் கடைந்து கொடுத்தது. பின்பக்கம் கண்ணாடி. உள்ளே சக்கரங்கள் சுற்றுவது தெரியும். டயலில் கம்பெனி பெயர் எதுவும் இல்லை. ஓரத்தில் பொடி எழுத்தில் 'ஜோதி, திண்டுக்கல்' என்று மட்டும்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. நல்ல நாள் என்று அப்பா வாட்ச்சை ஒட்டன்சத்திரம் கொண்டுபோனார். கைக்கு அளவு பார்க்க வேண்டும் என்று தண்டபாணியின் அக்கா கேட்டிருந்தார். "தினமும் காலையில சாவி குடுக்கணும்னு மறக்காமச் சொல்லுங்கப்பா" என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினேன். சொல்லிவிட்டதாக வந்து சொன்னார். அளவு கச்சிதமாம். வாட்ச்சை அங்கேயே வைத்துக்கொண்டார்களாம்.

ஆகஸ்ட் 6, புதன்

அங்கிருந்து ஒரு பேச்சும் இல்லை. நானாகப் போன் போட்டுக் கேட்க மாட்டேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

அக்காதான் போன் செய்தார். மகேஸ்வரி. தாய் தகப்பன் இல்லாத தம்பியைப் படிக்க வைத்து ஆளாக்கியவர். கெட்டவர் இல்லை. அதனால்தான் இன்னும் எரிகிறது.

"தப்பா நெனச்சுக்காதீங்க ஜோதி. அளவு பாத்த கையோட சாமி படத்துக்கு முன்னால வச்சு, சந்தனம் குங்குமம் வச்சுட்டமுங்க. நிச்சயத்து வரைக்கும் யாரும் தொடக்கூடாதுன்னு அம்புட்டு பத்திரமா வச்சிருந்தோம். இன்னைக்கு வெளக்கேத்தப் போனா நின்னு கெடக்குதுங்க."

யாருமே தொடவில்லை. நிற்காமல் என்ன செய்யும்? சாவி கொடுக்காவிட்டால் மறுநாளே நின்றுவிடும், அது பேட்டரி வாட்ச் இல்லை என்று பொறுமையாகத்தான் சொன்னேன். கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டு, "அதெல்லாம் இருக்கட்டுங்க. சாமி முன்னால நின்னது நின்னதுதானுங்களே. மனசுக்குச் சரியாப் படல. கடையில புதுசா ஒண்ணு வாங்கிப் போட்டுருங்க, நிச்சயத்த வச்சுக்கலாம். இல்லேன்னா யோசிக்கணுமுங்க" என்றார்.

யோசிக்கணுமாம். பயபக்தியோட பட்டினி போட்டுட்டு, நின்னதும் அபசகுனமாம். தொடாம வச்சா எதுதான் ஓடும்? நான் ஓடுவேனா?

ஆகஸ்ட் 9, சனி

அப்பா சைக்கிள் ஸ்டாண்டைச் சீக்கிரம் அடைத்துவிட்டு வந்தார். பக்கத்தில் உட்கார்ந்தார். விஷயம் தெரிந்துவிட்டது.

"ஒரு வாட்ச்சுதான ஆத்தா. கடையில ஒண்ணு வாங்கிப் போட்டா கதை முடிஞ்சுது. நீ செஞ்சத கல்யாணத்துக்கு அப்புறம் கட்டிக்கிறட்டும்."

"நான் என்ன வேலை பாக்குறேன்னு அவங்களுக்குத் தெரியுமாப்பா, தெரியாதா?"

"தெரியும்."

"என் கைவேலை அபசகுனம்னா, நான் மட்டும் எப்படி அந்த வீட்டுக்கு நல்ல சகுனம்?"

அப்பா எழுந்து போய்விட்டார். அம்மா அவருக்கும் தலையாட்டினாள், எனக்கும் தலையாட்டினாள். எனக்கு முப்பத்திரண்டு வயது ஆகிறது என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ரசத்தில்கூட அது மிதந்தது.

வாங்க மாட்டேன். எழுதி வைத்துக்கொள்கிறேன். வாங்கவே மாட்டேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

அப்பா என்னிடம் பேசவில்லை. நானும்தான்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மதியச் சாப்பாட்டு நேரத்தில் தண்டபாணி படியேறி வந்தார். அவர் கையில் என் வாட்ச். ஓடிக்கொண்டிருந்தது!

எங்களிடம் திருப்பிக் கொடுத்துவிடச் சொல்லி அக்கா அவரிடம் தந்தாராம். இவர் தரவில்லை. "காலையில பல் வெளக்குனதும் சாவி குடுத்தர்றேனுங்க. ஒரு நிமிசம்கூடத் தப்புல. ஆபீஸ்ல எல்லாத்துக்கும் பின்னாடி கண்ணாடியத் திருப்பித் திருப்பிக் காட்டிட்டேன்" என்றார். சந்தனக் கறையைக்கூடத் துடைத்து வைத்திருந்தார்.

கீழே சொல்லி டீ வரவழைத்தேன். சிரித்திருக்கிறேன், அநேகமாக நிறையவே.

பிறகு கேட்டேன். "அக்கா ஒண்ணும் சொல்லலயா?"

"அவங்களுக்குத் தெரியாதுங்க. சாயங்காலம் பஸ் ஒட்டன்சத்திரம் நெருங்கையில கழட்டி டிபன் பையில போட்டுக்குவேன். நிச்சயத்துக்குக் கடை வாட்ச் போட்டுக்கறனுங்க. இங்க வந்தா இத. அக்காவுக்கும் சந்தோசம், உங்களுக்கும் சந்தோசம்."

நல்ல மனசோடுதான் சொன்னார். சோற்று டப்பாவுக்குப் பக்கத்தில் என் வாட்ச். இன்றைக்கு வாட்ச், நாளைக்கு என் தொழில், அப்புறம் நான். எல்லாவற்றையும் ஊர் நெருங்கும்போது கழற்றி உள்ளே வைப்பார், அன்பாக.

"அக்காகிட்ட, இதத்தான் கட்டுவேன்னு ஒரு வார்த்தை சொல்லுவீங்களா?"

டீ கிளாஸைக் கீழே வைத்தார். "அவங்க மனச நோகடிக்க முடியாதுங்க."

கையை நீட்டினேன். கழற்றினார். தருவதற்கு முன்னால், பழக்கதோஷத்தில் முழுசாகச் சாவி கொடுத்துவிட்டுத் தந்தார்.

ஏன்யா அதச் செஞ்ச?

ஆகஸ்ட் 13, புதன்

அழுதேன். அதற்காக முடிவு மாறவில்லை. நிச்சயதார்த்தம் வேண்டாம் என்று நானே மகேஸ்வரி அக்காவுக்குப் போன் செய்து சொன்னேன். அப்பா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 20, புதன்

வாட்ச்சை எடுத்துக்கொண்டு பேகம்பூர் போனேன். என் வாட்ச்சுகளுக்கெல்லாம் தோல் வார் தைப்பவர் ஹஸ்ஸான் பாய்.

"மாப்பிள்ளைக்கு அளவு மாறிப்போச்சா?"

"மாப்பிள்ளையே இல்ல பாய். என் கைக்கு வேணும்."

மேற்கொண்டு கேட்காமல் என் மணிக்கட்டில் வைத்துப் பார்த்தார். "வாட்ச் ரொம்பப் பெருசும்மா. சின்னதா ஒண்ணு செஞ்சுக்கலாமே?"

"பெருசாவே இருக்கட்டும். தூரத்துலேயே தெரியும்."

வாரை வெட்டி, புதிதாக ஓட்டை போட்டுத் தந்தார். காசு வாங்க மாட்டேன் என்றார். சண்டை போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

தண்டபாணிக்கு வேறு இடத்தில் பேசி முடிந்துவிட்டதாம். அவர் ஆபீஸ்வாசலில் தூரத்திலிருந்து பார்த்தேன். கையில் வாட்ச் ஏதும் இல்லை. மாடி அறைக்கு வந்து இரண்டு மெஷின் கழுவினேன்.

நவம்பர் 2, ஞாயிறு

கன்னிவாடியில் பவித்ரா கல்யாணம். பெரியப்பா மகள், என்னைவிட எட்டு வயது சின்னவள். போகாதே என்றாள் அம்மா. போகாமல்? இருப்பதிலேயே நல்ல பட்டுச்சேலை, இடது கையில் வளையல் இல்லை, வாட்ச் மட்டும்.

பந்திக்குப் போகும் வழியில் அத்தைகள் பிடித்துக்கொண்டார்கள். "இதாக்கும் அந்த வாட்ச்சு? ஆம்பள வாட்ச்சக் கட்டிக்கிட்டு திரியிற? இம்புட்டு வீம்பு ஆகுமா ஒரு பொட்டப்பிள்ளைக்கு?" அக்கம்பக்கத்து நாற்காலிகள் எல்லாம் திரும்பிவிட்டன. பதில் நாக்கு நுனியில் இருந்தது.

அதற்குள் மேடைப் பக்கத்திலிருந்து அப்பாவின் குரல். ஆகஸ்டிலிருந்து வீட்டில் அளந்து அளந்து பேசுகிறவர், அத்தனை சொந்தக்காரர்களும் கேட்கக் கத்தினார்.

"ஏத்தா ஜோதி, முகூர்த்தத்துக்கு எம்புட்டு நேரம் கெடக்கு? ஒன் வாட்ச்சப் பாத்துச் சொல்லு. அதுதான் சரியா ஓடும்."

அவருடைய சட்டைப்பையில் போன் இருந்தது. தலைக்கு மேலே மண்டபத்துக் கடிகாரம் இருந்தது.

கையை நன்றாக உயர்த்திப் பார்த்தேன். "இன்னும் கால் மணி நேரம் இருக்குப்பா" என்றேன்.

"அப்பச் சரி" என்று ஐயரிடம் திரும்பிச் சொன்னார்.