நீல விளக்கடியில் உன் தங்கை மகள்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மாவும் நானும் சுகம், என் இடுப்புவலியும் என்னைவிட்டுப் பிரியாமல் சுகமாக இருக்கிறது. நீயும் மருமகளும் அதுபோலவே நன்றாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். நீ தாய்மாமன் ஆனது போனிலேயே தெரியும், அதன்பிறகு நடந்த கூத்தைத்தான் நீ கவலைப்படுவாய் என்று அம்மா மறைத்துவிட்டாள். இப்போது எல்லாம் சரியாகிவிட்டதால் சொல்கிறேன். பிறந்த மறுநாளே குழந்தையின் முகம் மஞ்சளடித்தது, நாங்கள் என்ன நிறம் என்ன நிறம் என்று பூரித்துக்கொண்டிருந்தோம். குழந்தை டாக்டரம்மா வந்து நெற்றியை லேசாக அழுத்திப் பார்த்துவிட்டு ரத்தம் எடுக்கச் சொன்னார். உன் தங்கச்சிக்கு ஓ வகை ரத்தம், குழந்தைக்கு அப்பனைப் போல பி. தாயிடமிருந்து போன ஏதோ ஒன்று பிள்ளையின் ரத்த அணுக்களை உடைக்கிறதாம், அதனால் வந்த மஞ்சள் காமாலையாம். உடனே துணியைக் கழற்றி, கண்ணைக் கட்டி, மஞ்சளைக் குறைக்கும் நீல விளக்கடியில் போட்டார்கள். அவளோ வெயில் காய வந்த சீமாட்டி மாதிரி கைகாலைப் பரப்பிக்கொண்டு தூங்கினாள். வராந்தாவில் சம்பந்தியம்மா, "எங்க வீட்ல எல்லாரும் பி தான், நல்லாத்தானே இருக்கோம்" என்று ஆரம்பிக்க, உன் அம்மா, "அப்ப நாங்கதான் கெட்டுப்போயிட்டோமா" என்று திருப்ப, நர்ஸ் வந்து இரண்டு பேரையும் டீ குடிக்க அனுப்பிவைத்தாள்.

சாயங்காலம் ரத்தத்தில் மஞ்சளின் அளவு இன்னும் ஏறிவிட்டது, இறங்காவிட்டால் ரத்தத்தையே மாற்ற வேண்டிவரும் என்றார்கள். தங்கச்சி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "என் ரத்தமே என் புள்ளைக்கு ஆகலியேப்பா, நான் பால் குடுக்கலாமா" என்று கேட்டாள். நான் போய் டாக்டரம்மாவையே கூட்டிவந்தேன். அவர் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "தாராளமா குடும்மா, நல்லா குடிச்சு வெளிய போனாத்தான் மஞ்சளும் போகும், இதுல உன் தப்பு எதுவும் இல்ல" என்றார். தங்கச்சி மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள், பிறகு பால் நேரத்தை ஒரு தடவைகூடத் தவறவிடவில்லை. விடிந்ததும் அளவு இறங்கத் தொடங்கியது. மாப்பிள்ளை சந்தோஷம் தாங்காமல் தரை துடைக்க வந்தவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். இப்போது வீட்டுக்கு வந்துவிட்டோம், சின்னவள் அழுதால் தெருக்கோடிவரை கேட்கிறது.

ஒன்றை மட்டும் மறக்காதே. மருமகள் உண்டாகியிருக்கிறாளே, உங்கள் இருவரின் ரத்த வகையையும் அங்கே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அவளுக்கு நெகட்டிவ் என்றால் பிள்ளையின் ரத்தம் இப்படி உடையாமல் தடுக்க ஒரு ஊசி உண்டாம், கேட்டுப் போட்டுக்கொள்ளச் சொல்.

உங்கள் மூன்று பேருக்கும் என் ஆசீர்வாதம்.

உன் அப்பா