இருபது அடிப் புல்

பாய்,

இன்று காலை எதிர் வீட்டு பால்கனியில் பிளாஸ்டிக் புல் பதிக்க ஓர் ஆள் வந்திருந்தார். கதவு திறந்து கிடந்ததால் பசை வாசனை என் நாற்காலி வரை வந்தது. எழுந்து போய்ப் பார்த்தேன். செய்தித்தாளை விரித்து, சாமான்களை வரிசையாக வைத்திருந்தார்: டேப்பு, சாக்பீஸ், கத்தி, பசை டப்பா, பசையை இழுத்துவிடப் பல் வைத்த கரண்டி, துண்டுகளை அடியில் இணைக்கும் அகல நாடா, சுத்தியல், விறைப்பான துடைப்பம். புல்லைக் குப்புறப் போட்டு, முதுகுப் பக்கம் கோடு போட்டு வெட்டினார்.

"மேல் பக்கம் வெட்டக்கூடாதா?" என்று கேட்டேன்.

"மேல வெட்டினா புல்லு மொட்டையாயிடும் சார். யாரும் அப்டி வெட்ட மாட்டாங்க."

யாரும் வெட்ட மாட்டார்களாம். என் நாற்காலிக்குத் திரும்பிவிட்டேன். நீங்கள் போய்ச் சேர்ந்து பதினான்கு வருஷம் ஆகிறது. இருந்தாலும் இதை உங்களிடம் சொல்லாவிட்டால் எனக்கு இன்று சாப்பாடு இறங்காது.

எண்பதுகளின் தொடக்கம், ஆம்பூர். நீங்கள் ஷூ கம்பெனியில் கட்டிங் மேஸ்திரி, நான் பக்கத்து வீட்டுக் கணக்கு வாத்தியார். என் மகள் கோமதிக்கு ஒன்பது வயது. போலியோ வந்த வலது காலுக்கு ஆஸ்பத்திரியில் இரும்புப் பட்டை மாட்டி, தினமும் நடக்கப் பழக்குங்கள் என்று அனுப்பியிருந்தார்கள். ஜூனில் பள்ளி திறக்கும்போது கேட்டிலிருந்து வகுப்பு வரை தானாக நடந்து வந்தால் சேர்த்துக்கொள்வதாகத் தலைமையாசிரியை சொல்லியிருந்தார். எங்கள் கொல்லையோ சொரசொரப்பான சிமெண்டுத் தரை. ஒரே வாரத்தில் இரண்டு முழங்காலும் உரிந்து, இனி நடக்கமாட்டேன் என்று கோமதி உட்கார்ந்துவிட்டாள். சிமெண்டைப் பெயர்த்துப் புல் வளர்க்கலாம் என்றால், தோல் பதனிடும் ஷாப்புகளின் புண்ணியத்தில் கிணற்றுத் தண்ணீர் உப்பு. அருகம்புல்கூடக் கருகிப்போகும்.

அப்போதுதான் நீங்கள் மதிலுக்கு மேல் தலையை நீட்டினீர்கள். வெளிநாட்டுக் கண்காட்சியில் விரித்த பிளாஸ்டிக் புல் சுருள் ஒன்று கம்பெனி கிடங்கில் கிடக்கிறது, முதலாளி எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார் என்றீர்கள்.

"எத்தினி அடி வோணும் வாத்யாரே?"

நான் முன்பே அளந்து வைத்திருந்தேன். கிணற்றிலிருந்து சமையலறை வாசல் வரை நீளம் இருபது அடி. அகலம் சுருளின் அகலம் எதுவோ அதுவே இருக்கட்டும் என்று எண்ணி, "இருபது அடி பாய்" என்றேன்.

அந்த வாரம் முழுக்க உட்கார்ந்து, தேவையான சாமான்கள் பதினொன்றுக்குப் பட்டியல் போட்டேன். பள்ளி ஆய்வகத்தில் கையெழுத்துப் போட்டு, தரை மட்டம் பார்க்க ரசமட்டம் வாங்கி வந்தேன். பட்டியலில் பாதி உங்கள் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கொண்டுவந்தது தோல் வெட்டும் கத்தி ஒன்று, ஷூ ஒட்டும் சொல்யூஷன் டப்பா ஒன்று, தோளில் ஒரு மூட்டை. மூட்டையை அவிழ்த்தால் கோணல்மாணலாக நான்கு துண்டுகள்.

"என்ன பாய் இது?"

"இருபது அடி. கம்மியா இருந்தா என்னைக் கேளுங்க. சுருள்ல அங்கங்க கறை, சிகரெட்டு சுட்ட ஓட்டை. அதெல்லாம் தள்ளிட்டு நல்ல எடமா பாத்து எடுத்துனு வந்தேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உங்கள் தொழிலில் அடி என்றால் சதுர அடி. தோலுக்கு நீளம் ஏது, அகலம் ஏது? அது எனக்கும் தெரியும். தெரிந்திருந்தும், கணக்கு சொல்லிக்கொடுக்கிற நான், 'நீளம்' என்ற ஒரு சொல்லைச் சேர்க்காமல் விட்டேன். தவறு என்னுடையதா உங்களுடையதா என்று இன்னும் எனக்குத் தீர்மானமாகவில்லை.

"மீதிச் சுருள்?"

"வேற ஒர்த்தர் தூக்கினு போய்ட்டாரு. இன்னா வாத்யாரே, பேஜாராகிறீங்க?"

பிறகு ஓரங்களைச் சீர் செய்தீர்கள், தோலை வெட்டுவது போல மேல் பக்கமாகவே. வெட்டிய இடமெல்லாம் புல் கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. நான் ரசமட்டத்தைத் தரையில் வைத்து இடம் மாற்றி மாற்றிப் பார்த்தேன். "குமிழு உங்கள மாதிரியே கீது. ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குது" என்றீர்கள். பிரஷ் எங்கே என்று நான் பட்டியலைப் பார்த்துக் கேட்டபோது, கிணற்று மாடத்திலிருந்த என் ஷேவிங் பிரஷ் சொல்யூஷன் டப்பாவுக்குள் நின்றுகொண்டிருந்தது.

நான் சாக்பீஸை எடுத்துத் தரையில் கணக்குப் போட்டேன். இருபது அடி நீளத்துக்கும் ஒட்டுவதென்றால் அகலம் ஒரே அடி. ஒரு அடிக் கோட்டுக்குள் ஒரு குழந்தை எப்படி விழும்? அழித்து அழித்துப் போட்டேன். நீங்கள் என்னை விட்டுவிட்டு, வாசற்படியில் உட்கார்ந்திருந்த கோமதியிடம் போனீர்கள்.

"பாப்பா, நீ எங்கெங்க வுழுவே?"

என் சாக்பீஸ் பாதி எண்ணில் நின்றது. எங்கள் வீட்டில் அந்தச் சொல்லையே நாங்கள் எடுத்துவிட்டிருந்தோம். 'பார்த்துப் போ' உண்டு, 'மெதுவா' உண்டு. அவள் விழுந்துவிட்டால்கூட, 'ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல' என்று தூக்கிவிடுவோமே தவிர, விழுந்தாய் என்று சொல்லமாட்டோம்.

கோமதி அழவில்லை. ஒரு வாரத்துக்குப் பிறகு முதல் முறையாக ஊன்றுகோலைப் பிடித்து எழுந்தாள். துவைக்கிற கல்லருகே போய், "இங்க, திரும்பும்போது" என்றாள். பிறகு தண்ணீர்த் தொட்டி. பிறகு வாசற்படிக்குக் கீழே. கடைசியாக நடுக்கொல்லையில், எந்தத் தடையும் இல்லாத ஓர் இடத்தைக் காட்டினாள்.

"இங்க எப்பவும் இல்ல. அம்மா கூப்ட்டா மட்டும்."

அவள் காட்டக் காட்ட நீங்கள் பின்னாலேயே போய் வட்டம் போட்டீர்கள். நான்கு வட்டம். நான்கு துண்டுகளையும் ஒட்டி, என் மனைவியின் அம்மிக் குழவியை உருட்டி அழுத்தினீர்கள். அதற்கு மனைவி போட்ட சத்தம் உங்கள் வீடு வரை கேட்டிருக்கும்.

பசை காய்ந்த பிறகு கோமதி நடந்தாள். துவைக்கிற கல்லருகே திரும்பினாள், விழுந்தாள். நான் பாய்ந்து எழுந்தேன். நீங்கள் என் சட்டையைப் பிடித்து இழுத்தீர்கள்.

"உக்காருங்க வாத்யாரே. அதுவா ஏந்திரிக்கும்."

எழுந்தாள். நேரம் எவ்வளவு ஆயிற்று என்று தெரியவில்லை. எதையும் அளக்கிற நான் அதை அளக்கவில்லை.

ஜூனில் கேட்டிலிருந்து வகுப்புக்கு நடந்தபோது பாதியில் ஒரு முறை விழுந்தாள். மண்ணைத் தட்டிக்கொண்டு மீதியை நடந்தாள். தலைமையாசிரியை பதிவேட்டைத் திறந்தார்.

ஷேவிங் பிரஷ் விஷயத்தில் உங்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மொட்டையடித்த புல் விஷயத்திலும் இல்லை, அதுவும் இன்று காலைக்குப் பிறகு. ஆனால் நீங்கள் அன்று கேட்ட கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டேன். கோமதி இப்போது அரக்கோணத்தில் இருக்கிறாள். ஐம்பதைத் தாண்டிவிட்டாள். ஞாயிறுதோறும் போன் செய்வாள். எடுத்ததும் நான் கேட்பது அதுதான். சாதாரணமாகக் கேட்க எனக்குப் பல வருஷம் பிடித்தது.

"இந்த வாரம் எங்கயாவது விழுந்தியாம்மா?"

"ஒரு தரம்பா. பேங்க் படியில. ரசம் வெச்சீங்களா, இல்ல இன்னிக்கும் மோர்தானா?"