ஆறாம் நிலையத்துக்குப் போட்ட இரண்டு

அக்டோபர் 6, திங்கள்

இன்று சுபேதாரிடம் சொல்லாதது: ரேடியோ லாக்கில் ஆறாம் நிலையத்துக்கு நேரே ஐந்து மாதமாக இருக்கும் 'இரண்டு' எல்லாம் பொய். சிக்னல் முள் ஐந்தில்தான் நின்றது, முழுத் தெளிவில். நான்தான் இரண்டு என்று எழுதினேன்.

காலையில் தூறல், மத்தியானம் நல்ல வெயில். துணி இரண்டு தடவை உள்ளே போய் வெளியே வந்தது.

வேலை: ரேடியோ ஆபரேட்டர்களின் வருடாந்திரப் பயிற்சிப் பட்டியல். 17-ஆம் தேதி மேலே போக வேண்டும். ஆட்கள் ஏழு, வகுப்புகள் மூன்று.
அ) புதுப்பிப்பு. இரண்டு வாரம், இங்கேயே. எல்லாருக்கும் இதுதான் வேண்டும்.
ஆ) புது டிஜிட்டல் செட். ஒரு மாதம், பெங்களூர். இளையவர்கள் இரண்டு பேருக்கு ஆசை.
இ) ஆன்டெனா. பன்னிரண்டு வாரம், வடக்கே. ஒருவர் போயே ஆக வேண்டும். சேருமுன் கண், காது பரிசோதனை.

விருப்பப் படிவத்தில் ஏழு பேரும் (இ)-க்கு நேரே வேண்டாம் என்று கோடு இழுத்திருக்கிறார்கள். ரிசர்வ்காரர்கள். வருடத்தில் இரண்டு மாதம்தான் சீருடை. மீதிப் பத்து மாதம் கடை, வயல், ரப்பர், கடல். பன்னிரண்டு வாரம் யாரால் விட்டுப் போக முடியும்?

சுபேதார் படிவத்தைப் பார்ப்பதே இல்லை. லாக் புத்தகமும் சிவப்புப் பென்சிலும்தான்.

"எவனுக்கு எது வராதோ அதப் படிக்க அனுப்பணும். ஆசப்பட்டதுக்கு அனுப்பினா அதுக்குப் பேரு டூராக்கும், மோளே."

ஆறில் பென்சில் நின்றது. சேவியர் அண்ணன்.

"மே ரெண்டு. ஜூன் ரெண்டு. ஜூலையும் ரெண்டா? பதினஞ்சு வருசம் சர்வீசு, இவனுக்கு ஒரு ஆன்டெனா கெட்டத் தெரியல்லியே! எழுது. சேவியர், இ."

எழுதினேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

அம்மா மஸ்கட்டிலிருந்து. பேச்சு நான்கு நிமிடம். அதில் மூன்று அண்ணன் குழந்தையின் பல். "தனியா இருக்கேன்னு ஹோட்டல்ல திங்காத கேட்டியா." இல்லை என்றேன். திங்கிறேன்.

நூலகப் புத்தகம் இரண்டு நாள் தாமதம். மழையில் நனைந்த மூலை காயவில்லை. இஸ்திரிப் பெட்டி வைத்துப் பார்த்தேன், இன்னும் மோசம்.

பரிசோதனை. அதுதான் மண்டைக்குள். சேவியர் அண்ணனுக்குக் காது கேட்பது குறைந்துவிட்டது. வலது பக்கம் நின்று கூப்பிட்டால் திரும்ப மாட்டார். யூனிட்டில் யாருக்கும் தெரியாது என்று நினைக்கிறேன். வடக்கே போன முதல் நாளே தெரிந்துவிடும். ஆபரேட்டர் பட்டியலிலிருந்து பெயர் போகும்.

சொன்னால்? சிக்னல் ஐந்து, ஆனாலும் மறுபடி மறுபடி கேட்டார் என்றால் அடுத்த கேள்வி காதுதான். சொன்னாலும் போகும், சொல்லாவிட்டாலும் போகும்.

அக்டோபர் 9, வியாழன்

வழியெல்லாம் கும்பப்பூ நெல் நடவு முடிந்த பச்சை. ஸ்கூட்டரில் வரும்போது ஒரு மயில் குறுக்கே. பிரேக்.

இன்று அலுவலகத்துக்கு வெளியே பேசியவை: பால்காரரிடம் "நாளைக்கு வேண்டாம்." பெட்ரோல் பங்கில் "இருநூறுக்கு." அவ்வளவுதான்.

ஏன் எழுதினேன் என்று நேர்மையாக எழுதிப் பார்க்கலாம்.

மாதம்தோறும் இரண்டாம் சனிக்கிழமை பயிற்சி. ஏழு பேரும் செட்டு வாங்கிக்கொண்டு ஏழு இடங்களுக்குப் போவார்கள். மூன்றாம் நிலையம் சிதறால் மலை, ஆறு மணவாளக்குறிச்சிக் கடற்கரை, இப்படி. கன்ட்ரோலில் ஹெட்போன் போட்டவர் பேசுவார். பக்கத்தில் நான், ஸ்பீக்கரில் கேட்டு, முள்ளைப் பார்த்து, லாக் எழுதுவேன். சிவிலியன் குமாஸ்தா, சுவிட்சைத் தொடக் கூடாது. சாயங்காலம் செட்டைத் திருப்பித் தரும்போது அவரவர் வரிக்கு நேரே கையெழுத்து.

முடிக்கும்போது எல்லாரும் எண்ணைச் சொல்லி, முடிந்தது என்று சொல்லிப் போய்விடுவார்கள். ஆறு மட்டும், "கன்ட்ரோலுக்கும், பக்கத்துல இருந்து எழுதுகவங்களுக்கும் வணக்கம்." விதியில் இல்லாத வாக்கியம். சுபேதார் இரண்டு தடவை திட்டியும் நிறுத்தவில்லை. அம்மா விமானம் ஏறிய வாரம்தான் முதல் தடவை அதைக் கேட்டேன்.

மே மாதம் ஒரே செய்தியை ஐந்து தடவை திருப்பிக் கேட்டார். முள் அசையாமல் ஐந்தில். இவ்வளவு கேட்டதற்கு லாக்கில் ஒரு காரணம் வேண்டும். இரண்டு என்று போட்டேன்.

அவருக்காகப் போட்டதாகத்தான் இதுவரை வைத்திருந்தேன்.

அக்டோபர் 11, சனி

பயிற்சி நாள். வானம் சுத்தம். மூன்று, நான்கு, ஐந்து எல்லாம் தெளிவு.

ஆறு: முள் ஐந்து. திருப்பிக் கேட்டது ஆறு தடவை. கன்ட்ரோல்காரர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "இந்த மனுசனுக்கு இன்னைக்கு என்ன?" என்று என்னைப் பார்த்தார். பேனாவின் மூடியைத் தேடுவது போல மேஜைக்கடியில் குனிந்தேன்.

இன்று ஐந்து என்று எழுதினேன்.

முடிவில் வணக்கம் வந்தது. வழக்கம் போல.

சாயங்காலம் செட்டை வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட வந்தார். பேனாவை வாங்கினார். வரியில் விரலை வைத்தார். விரல் மேலே போனது: இரண்டு, இரண்டு, இரண்டு. கீழே வந்தது. ஐந்து.

"இன்னைக்கு நல்லா இருந்துச்சோ?"

தலையசைத்தேன்.

கையெழுத்துப் போட்டார். எப்போதும் கீழே ஒரு கோடு இழுப்பார். இன்று இல்லை.

வீட்டுக்கு வந்து சோறு வைத்தேன். அடி பிடித்தது. அடுப்பைப் பார்த்துக்கொண்டு, "ஆறு, ஆறு, கன்ட்ரோல்" என்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். என் குரல் இவ்வளவு மெலிது என்று தெரியாது.

அக்டோபர் 12, ஞாயிறு

போய்விட்டேன். பூதப்பாண்டியிலிருந்து ஸ்கூட்டரில், நாகர்கோவிலில் ஒரு காப்பி, நேரே மணவாளக்குறிச்சிக் கடற்கரை.

சேவியர் அண்ணன் மீன்பிடி வள்ளத்து எஞ்சின் மெக்கானிக். ஓலைக் கொட்டகை. எஞ்சின் ஒன்றை மரச் சட்டத்தில் கட்டி ஓடவிட்டிருந்தார். ஸ்க்ரூடிரைவர் முனை எஞ்சினில், பிடி அவருடைய தாடை எலும்பில். கண்ணை மூடிக்கொண்டு நின்றார். எலும்பு வழியாகக் கேட்கிறார். நான் மூன்று தடவை கூப்பிட்டேன். கடைசியில் அவர் மனைவி ஸ்டெல்லா அக்கா வந்து தோளில் தட்டினார்.

"யாரு, மேடமா! வாருங்க, இருங்க. ஏட்டி, சாயா போடு."

"சாயா போட்டாச்சு. நீங்க முதல்ல அந்த எளவ நிப்பாட்டுங்க. வந்த பிள்ளைக்கத் தொண்டை கிழியுது."

எஞ்சின் நின்றது. இடது பக்கம் போய் நின்றுகொண்டேன்.

"அண்ணே, மேயில இருந்து போட்ட ரெண்டு எல்லாம் நான் வேணும்னே எழுதினது. முள்ளு அஞ்சுலதான் இருந்துச்சு."

"அப்போ செட்டுக்குக் கொற இல்லியா?"

"இல்ல."

"ஆன்டெனாவுக்கு?"

"இல்லண்ணே."

எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தார். ஒவ்வொரு விரலாக. ஸ்டெல்லா அக்கா டம்ளரோடு அப்படியே நின்றார்.

"மே மாசம் காது டாக்டருக்கு டோக்கன் எடுத்து வச்சிருந்தேன் மேடம். சனியாழ்ச்ச வந்து சொல்லுதாவ, 'எனக்க காதுக்கு ஒண்ணும் இல்லட்டி, செட்டுக்கக் கொறயாக்கும், புக்குலயே எழுதிப் போட்டாச்சு'ன்னு. அந்த டோக்கனக் கீறி அடுப்புல போட்டாவ."

இது நான் நினைத்தே பார்க்காதது. அந்த இரண்டை சுபேதார் படிப்பார் என்று தெரியும். இவரும் ஒவ்வொரு மாதமும் படித்துக் கையெழுத்துப் போடுகிறார் என்பதும் தெரியும். நம்புவார் என்று தோன்றவில்லை.

"ரெண்டுன்னு கண்டப்போ எனக்கு என்ன ஒரு சந்தோசம்!" அண்ணன் சிரித்தார். "அஞ்சு மாசத்துல மூணு மட்டம் ஆன்டெனாவ மாத்திக் கெட்டினேன். ஒரு மட்டம் தென்னையில வேற ஏறினேன். இந்த வயசுல!"

"எறங்கத் தெரியாம நின்னதயும் சொல்லுங்க," என்றார் அக்கா. சிரிக்கவில்லை.

"எதுக்கு மேடம் அப்பிடிப் போட்டிய?"

"உங்கள எடுத்துருவாங்கன்னு பயந்தேன்."

அது உண்மை. முழு உண்மை இல்லை. எடுத்துவிட்டால் கடைசியில் எனக்கு வணக்கம் சொல்ல ஆள் இல்லை என்பதை அங்கே எப்படிச் சொல்வது, அதுவும் அக்கா டம்ளரோடு நிற்கும்போது.

(இ) வகுப்புக்கு அவர் பெயர் போட்டிருப்பதையும், அதில் காதுப் பரிசோதனை இருப்பதையும் சொன்னேன். ஸ்க்ரூடிரைவரை எடுத்துப் பெட்டியில் வைத்தார்.

"எடுத்தா எடுக்கட்டும். வடக்க போய் பன்னெண்டு வாரம் ரொட்டி தின்னுகதுக்கு இது எவ்வளவோ கொள்ளாம்." பிறகு, மெதுவாக: "சாருட்ட நீங்களே சொல்லீருங்க. நான் சொன்னா உங்களக் காட்டிக் குடுத்தது மாதிரி ஆவும்."

கோபப்பட்டிருக்கலாம்.

செருப்புக்குள் கறுப்பு மணல். வீட்டில் வந்து தட்டினேன். இன்னும் வருகிறது.

அக்டோபர் 13, திங்கள்

சொன்னேன். காலை ஒன்பதரைக்கு, அவர் பென்சில் சீவிக்கொண்டிருக்கும்போது.

சுபேதார் சத்தம் போடவில்லை. லாக்கை எடுத்து மே மாதத்திலிருந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். ஐந்து இரண்டுகளையும் வட்டமிட்டார்.

"மே மாசம் வந்து எனக்கிட்ட ஒரு வாக்கு சொல்லியிருந்தா, நான் அவன ஸ்டோருக்கு மாத்தியிருப்பேனே மோளே. ஒரு குஞ்சுக்குத் தெரிஞ்சிருக்காது. சீருடையோட இருந்திருப்பான்."

சிவப்புப் பென்சிலைக் கீழே வைத்தார்.

"இப்போ பேப்பராயாச்சு. மெடிக்கலுக்கு எழுதாம இருக்க ஒக்காது."

அந்தக் கடிதத்தையும் நான்தான் தட்டச்சு செய்தேன். இரண்டு பிழை. மறுபடி அடித்தேன்.

அக்டோபர் 17, வெள்ளி

பட்டியல் போனது. அ: மூன்று பேர். ஆ: இரண்டு பேர், இருவருக்கும் சந்தோஷம். இ: சிதறால்காரர். ஒரு மணி நேரம் போனில் என்னைத் திட்டினார். "ரப்பர் பால நீங்க வந்து வெட்டுவியளா மேடம்?" நியாயம்தான். சேவியர் பெயருக்கு நேரே: பரிசோதனைக்குப் பின்.

பலத்த மழை. சமையலறையில் ஒழுகுகிறது. வாளி.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. அம்மா வீடியோவில். குழந்தை புதுச் சட்டையைத் தின்கிறது. "நீ என்ன போட்டிருக்க, காட்டு." பழைய சுடிதாரின் துப்பட்டாவை மட்டும் மாற்றிக்கொண்டு காட்டினேன். நம்பினாள். எல்லாரும் நான் காட்டுவதை நம்பிவிடுகிறார்கள்.

பக்கத்து வீட்டிலிருந்து முந்திரிக்கொத்து. நான்கு. நின்றுகொண்டே தின்றேன்.

அக்டோபர் 29, புதன்

பரிசோதனை முடிவு வந்தது. வலது காது அநேகமாக இல்லை. இடது பாதி. காரணம் எஞ்சின் சத்தம்.

ஸ்டெல்லா அக்காவைக் கூப்பிட்டேன். எடுத்தார். மே மாதமே வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டரிடம் கேட்டாராம். காதை மூடிக்கொண்டு வேலை செய்யச் சொல்லி டாக்டர் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தாராம்.

"பின்ன ஒண்ணும் இல்ல மேடம். வைக்கட்டா?"

நவம்பர் 3, திங்கள்

சேவியர் அண்ணன் சீருடை, அடையாள அட்டை, பெல்ட் எல்லாம் ஒப்படைக்க வந்தார். ஸ்டோருக்கு மாற்றச் சுபேதார் எழுதிய கடிதத்துக்கு மேலே இருந்து 'இல்லை' என்று வந்துவிட்டது. ரசீது நான்தான் எழுதினேன். சட்டை 2, கால்சட்டை 2, தொப்பி 1. ஒவ்வொன்றையும் எடுத்து வைத்தார். தேய்த்து மடித்தவை.

"வாறேன் மேடம்" என்றார். "வாங்கண்ணே" என்றேன். வலது பக்கம் நின்றிருந்தேன் என்பது அவர் படியிறங்கிய பிறகுதான் உறைத்தது.

லாக் எழுதும் வேலை இனி எனக்கு இல்லை. எழுத்தில் எச்சரிக்கை, ஒரு பக்கம். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். குமாஸ்தா வேலை இருக்கிறது.

நவம்பர் 8, சனி

பயிற்சி நாள். காற்று. நான் அடுத்த அறையில், பயண அனுமதிச் சீட்டுகள். நடுவில் பலகைத் தடுப்புதான், எல்லாம் கேட்கிறது. ஆறாம் எண் செட்டு அலமாரியில், உறை போட்டு.

பத்தேகாலுக்கு ஐந்தைக் கூப்பிட்டார்கள். ஐந்து பதில் சொன்னது. அடுத்து ஏழைக் கூப்பிட்டார்கள்.