சானமாவில் வண்டியை நிறுத்தக் கூடாது

அன்புள்ள ரூபிக்கு,

"அம்மா ஏம்ப்பா போன்ல பேசவே மாட்டேங்கறாங்க? எம்மேல கோவமா?" என்று ஞாயிற்றுக்கிழமை கேட்டாய். கோபமெல்லாம் இல்லை, கண்ணு.

உன் அண்ணன் எடுத்துக் கொடுத்த கேரவனில் டாஸ்மேனியா தீவை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறோம். குளிர், மழை, காடு. ஓட்டுவதும் நான், சமைப்பதும் நான். அலுப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் இது அவள் வெகுநாளாக ஆசைப்பட்ட பயணம்.

நேற்று அந்தி சாயும் நேரத்தில் ஒரு காட்டோரம் நிறுத்தினேன். புதர் அசைந்ததும் அம்மா சட்டென்று விளக்கை அணைத்தாள்.

"ஓசூர் போற வழியில, சானமாவு காட்டுல போயி யாராச்சும் வண்டிய நிறுத்துவாங்களா? ஆனை நிக்குது, பேசாதீங்க."

வெளியே மேய்ந்தது பன்றிக்குட்டி அளவுள்ள ஏதோ ஒரு பிராணி. முதல் தடவை இப்படிச் சொன்னபோது, இங்கே யானை கிடையாது என்று விளக்கிப் பார்த்தேன், அவள் அழுதாள். அதனால் நேற்று நானும் அவளோடு மூச்சை அடக்கி உட்கார்ந்துகொண்டேன்.

"போயிருச்சு, கிருபா" என்றேன் சற்றுப் பொறுத்து.

"வாத்தியாருக்கு இப்பத்தான் புத்தி வந்திருக்கு" என்று சிரித்தாள். பிறகு, "ரூபி ஸ்கூல்ல இருந்து வந்துட்டாளா?" என்றாள்.

உன் மகளே கல்லூரிக்குப் போகிறாள் என்று நான் சொல்லவில்லை. வந்துவிட்டாள் என்றேன்.

வகுப்பில் நான் கண்டதுதான்: செய்யுள் மறந்து நிற்கும் பிள்ளையை மிரட்டினால் தெரிந்ததும் போய்விடும். முதல் சொல்லை எடுத்துக் கொடுத்தால் மீதி வரும்.

அடுத்த முறை "ஏம்மா கோவம்?" என்று ஆரம்பிக்காதே. "அம்மா, ரூபி பேசறேன், ஸ்கூல்ல இருந்து வந்துட்டேன்" என்று சொல்லிப் பார்.

அன்புடன்,
அப்பா